முனிரத்தினத்தின் எம்.ஏ.

திருத்தணி மதராஸுக்கும் சத்தியவேடு ஆந்திராவுக்கும் என்று எல்லைத் தகராறு தீர்ந்த வருடம், ஆனி வெள்ளி, சித்தூர்.

தங்கை மகன் முனிரத்தினத்தை நினைத்தால் தூக்கம் வரவில்லை. பி.ஏ.வில் கணக்கு தேறவில்லை, திரும்ப எழுத வேண்டும். அதற்குள் திருப்பதியில் புள்ளிவிவர எம்.ஏ.வுக்கு மனுப் போட்டிருக்கிறான். போடட்டும். இன்று நாராயணவனத்திலிருந்து, அவனுக்குப் பார்த்திருக்கும் பெண்ணின் அத்தை வந்தாள். அவளிடம், கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "எம்.ஏ. சேந்துட்டேன்" என்றான். என் தங்கையும் வெட்கமில்லாமல் லட்டுத் தட்டை நீட்டினாள்.

அத்தை என் பக்கம் திரும்பி, "எனக்குப் படிப்பு கிடிப்பு தெரியாதுண்ணா. நீ சரின்னா பொண்ணக் குடுத்துடறேன்" என்றாள்.

"நாளைக்கு வந்து சொல்றேம்மா" என்று அனுப்பினேன்.

பிறகு அவனைப் பிடித்தேன். "ஏன்டா, கணக்கே தேறல. எப்டிடா எம்.ஏ. சேந்த?"

"மனு போயிக்கினு இருக்கு மாமா. சீட்டு வர்றதுக்குள்ள கணக்கு பாஸாயிடும்."

"புள்ளிவிவரத்துல என்னாடா படிப்பாங்க?"

"எல்லாம் கணக்குதான் மாமா."

உள்ளேயிருந்து என் மனைவி, "புள்ளியே வெக்கல, அதுக்குள்ள கோலத்துக்குக் காவி கரைச்சிக்கினு இருக்கியா, மாப்ளே?" என்று சிரித்தாள். துரைக்கு அதுவும் உறைக்கவில்லை. மிச்ச லட்டைத் தின்றுவிட்டுப் போனான்.

தேறாதது குற்றமில்லை. பள்ளிக்கூடம் போகாமல் எழுத்துக் கூட்டிப் பழகிய நான் அதைப் பழிக்க மாட்டேன். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புளுகினானே, அதுதான் அருவருப்பாக இருக்கிறது.

விடிந்ததும் நாராயணவனம் போய் உள்ளதைச் சொல்லப் போகிறேன். தங்கை இனி என் முகத்தில் விழிக்கமாட்டாள். விழிக்காமல் போகட்டும். அந்தப் பெண்ணின் அப்பா, அம்மா, பாட்டன் எல்லாரும் போய்விட்டார்கள். அவளுக்கென்று உயிரோடு இருப்பது அத்தை கன்னியம்மாள் ஒருத்திதான்.