முதல் கரண்டி

பிப்ரவரி 3

அன்புள்ள அப்பா,

நீங்கள் அரைத்து அனுப்பிய மலச்சிக்கல் பொடியை எங்கள் ஆய்வுக்கூடத்தில் சோதித்தேன். தூசி இல்லை, பூஞ்சை இல்லை, கலப்படம் இல்லை. சுத்தமான நிலாவாரை இலை. எங்கள் மேலதிகாரியே, "யாருப்பா இவ்வளவு நேர்த்தியா அரைக்கிறது?" என்று கேட்டார். "எங்கப்பா" என்றேன், காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு.

இனி குறை. 'இயற்கை மருந்து, பக்கவிளைவு அறவே இல்லை' என்று டப்பாவில் போட்டிருக்கிறீர்கள். அது பொய். குடலை விரட்டி வேலை வாங்குகிற இலை அது. தினமும் தின்றால் உடம்பிலுள்ள நீரும் உப்பும் வெளியேறிவிடும். அந்த வரியை எடுங்கள்.

உங்கள் மகன்

பிப்ரவரி 15

அன்பு மகனுக்கு,

உன் கடிதத்தை அம்மா எதிர்வீட்டுத் தையல்காரர் வரைக்கும் படித்துக் காட்டிவிட்டாள், முதல் பாதியை மட்டும்.

பொய் என்று எழுதினாயே, அது சுட்டது. நான் சாப்பிடாததை விற்பவனா? தினமும் அரைக்கிற ஈட்டில் முதல் கரண்டி என் வாயில்தான். கடை திறந்த நாளிலிருந்து இதுதான் என் சோதனை. எனக்கு என்ன ஆகிவிட்டது? கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். கெண்டைக்கால் சுருட்டி இழுக்கிறது, படியேறினால் நெஞ்சு படபடக்கிறது, அதெல்லாம் வயசு. பிரஷருக்குக் கொடுத்த, சிறுநீரைப் பிரிக்கிற நீர்மாத்திரையையும் தவறாமல் போடுகிறேன்.

வரியை எடுக்க மாட்டேன்.

அப்பா

பிப்ரவரி 22

அப்பா,

போனில் சொல்ல ஆரம்பித்தால் 'கடையில் ஆள் நிற்கிறது' என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அம்மா படிப்பாள், இந்த முறை முழுசாக.

வயசும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்பு குறைந்திருக்கிறது, எனக்குச் சந்தேகமே இல்லை. பொடி ஒரு பக்கம் அதை இறக்குகிறது, நீர்மாத்திரை மறுபக்கம். நடுவில் மாட்டிக்கொண்டிருப்பது உங்கள் இதயம். பொடியை இன்றே நிறுத்துங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் இரண்டையும் சொல்லி ரத்தத்தைச் சோதனைக்குக் கொடுங்கள்.

ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் இந்நேரம் நன்றாக இருந்திருப்பீர்கள். உங்கள் நேர்மைதான் உங்களைத் தின்கிறது.

மகன்

மார்ச் 12

அன்பு மகனுக்கு,

அம்மா முழுசாகப் படித்துவிட்டாள். கடைச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். நீ சொன்னதேதான், பொட்டாசியம் பாதாளத்தில் கிடந்தது. படுக்கவைத்து ஏற்றினார்கள், மாத்திரையையும் மாற்றினார்கள். "யார் சொல்லி வந்தீங்க?" என்றார் டாக்டர். "என் பையன். அங்க உட்கார்ந்துகிட்டே கண்டுபிடிச்சுட்டான்" என்றேன். ஆஸ்பத்திரிச் சட்டைக்குக் காலர் இல்லை, தூக்கிவிட முடியவில்லை.

பொடியை விட்டதும் வயிறு அசைவேனா என்று அடம்பிடித்தது. தண்ணீர், காய்கறி, நடை என்று இப்போது மெல்ல வழிக்கு வருகிறது.

இத்துடன் புது டப்பா. 'ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், வேறு மாத்திரை போடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.' கடைப் பெயரைவிடப் பெரிய எழுத்து. "இப்படிப் போட்டா யாருங்க வாங்குவா?" என்று அச்சகக்காரர் சிரித்தார். "என்னை நம்புறவன் வாங்குவான். போடுய்யா" என்றேன்.

உள்ளே இருப்பது புது ஈடு. நான் வாயில் வைக்கவில்லை. நீ சரி என்று எழுதிய பிறகுதான் விற்பேன். என் கரண்டியையும் கழுவிச் சேர்த்திருக்கிறேன். இனி முதல் கரண்டி உன்னுடையது.

வாயில் போட்டுவிடாதே, இயந்திரத்தில் போடு.

அப்பா