வானத்தில் என் கல்

செவ்வாய், 11

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. முட்டி வலி. முடி வெட்ட வேண்டும், ஞாயிறு கூட்டம்.

படிப்பகத்தார் தெருமுனையில் பேனர் கட்டிவிட்டார்கள். "சிறுகோளுக்குப் பெயர் தந்த ஜீவனஹள்ளி முனுசாமி பேசுகிறார்." என் போட்டோ ஸ்டாம்ப் அளவு. படிப்பகத் தலைவர் போட்டோ ஆள் உயரம். வானத்தில் இடம் பிடித்தவன் நானா, அவரா?

பேச வேண்டியது: ஜப்பான் சார். ரொம்ப வருஷம் முன்னால் ஹெப்பகோடி கம்பெனி கெஸ்ட் ஹவுஸில் ஒரு வருஷம் இருந்தார். கார் ஓட்டியது நான். பகலில் இன்ஜினியர், இருட்டினால் மொட்டை மாடி. ஒரே இடத்து வானத்தை ஒரு மணி நேரம் விட்டு இரண்டு போட்டோ எடுப்பார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். அசையாதது நட்சத்திரம். இடம் மாறிய புள்ளி சிறுகோள். அவர் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் நான் வெறும் கண்ணால் காட்டிவிடுவேன். (ஒரு தடவை. அது தூசி. சொல்ல வேண்டாம்.)

ஏர்போர்ட்டில் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் ஒன்று கண்டுபிடித்தால் உன் பெயர்தான்" என்றார். வைத்துவிட்டார் என்று ஊரில் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். அவ்வளவுதான்.

புதன், 12

டீக்கடையில் டெய்லர் தங்கராஜ்.

"ஏன் குரு, வானத்துக் கல்லுங்க பேரு லிஸ்ட் பூரா போன்லயே இருக்காமே? பாத்துட்டேன். முனுசாமியும் இல்ல, கந்தசாமியும் இல்ல. ஞாயித்துக்கெழம எல்லார் முன்னாடியும் கேப்பேன், ரெடியா வா."

"கத்திரி புடிக்கிறவனுக்கு வானம் எதுக்குடா?"

எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்து. டீயும் ஆறிப்போனது.

தங்கை மகள் அமுதாவிடம் சாருடைய பழைய விசிட்டிங் கார்டைக் கொடுத்தேன். மெயில் போட்டாள்.

"மாமா, நெஜமா வெச்சாரா?"

"வெச்சார்."

"மாமா..."

"வெக்கிறேன்னார்."

வெள்ளி, 14

மழை. கரன்ட் இல்லை. பதில் வந்துவிட்டது, சாருடைய மகள் எழுதியிருக்கிறாள். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. கண் மங்கிவிட்டது. ரிட்டயர் ஆன பிறகு முப்பதுக்கு மேல் கண்டுபிடித்தாராம். (ஞாயிறு முந்நூறு என்று சொல்லலாம்.)

அமுதா கத்தினாள். "மாமா, வெச்சிருக்காரு மாமா!" அப்புறம் முகம் மாறியது. "பூபதி ராஜான்னு போட்டிருக்கு. யாரு அது?"

நான்தான்.

கோட்டு போட்ட மனுஷனிடம் முனுசாமி என்று சொல்லக் கூச்சம். முதல் நாளே "மை நேம் பூபதி ராஜா, ஜமீன் ஃபேமிலி" என்று விட்டேன். வருஷம் பூரா அதே பெயர். லிஸ்டில் கல்லின் பெயரோடு ஒரு குறிப்பு வேறு: "பொழுதுபோக்குக்காகக் கார் ஓட்டிய அரச குடும்பத்து நண்பர்."

"மாத்த முடியுமா?"

"பேர ஒருதடவ லிஸ்ட்ல ஏத்துக்கிட்டா அவ்ளோதானாம், மாத்த மாட்டாங்களாம். ஆனா உண்மைய எழுதி, அது நீதான்னு அவர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கலாம் மாமா. தங்கராஜ் வாய அடச்சிடலாம்."

நல்ல யோசனை. எழுது என்றேன். அதற்குள் மீதியைப் படித்தாள். அப்பா தினமும் கேட்கிறாராம்: பூபதி நலமா? இன்னும் அரண்மனையில்தான் இருக்கிறாரா?

எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

"வேணாம், எழுதாத."

"அப்ப என்னதான் எழுத?"

"பூபதி சௌக்கியம்னு எழுது. அரண்மனைக்குப் போன மாசம்தான் வெள்ளையடிச்சோம்னு சேத்துக்க."

ஞாயிறு, 16

நல்ல வெயில். முடி வெட்டியதில் ஒரு பக்கம் ஜாஸ்தி. கூட்டம் நாற்பது பேர். மைக் கரகர.

இரண்டு போட்டோ கதையைச் சொன்னேன். ஏனோ தூசியையும் சொல்லிவிட்டேன். அதற்குத்தான் கைதட்டல்.

தங்கராஜ் எழுந்தான். "கதையெல்லாம் சரி குரு. ஒன் பேர்ல கல்லு இருக்கா, இல்லியா?"

"இல்ல. பூபதி ராஜாங்கிறவர் பேர்ல ஒண்ணு இருக்கு. என் கார்லதான் இருப்பார்."

"பாத்தீங்களா! ராஜாவுக்கு வெப்பானா, டிரைவருக்கு வெப்பானா?"

ஒரே சிரிப்பு. அமுதா எழுந்திருக்கப் பார்த்தாள். கையைக் காட்டி உட்கார வைத்தேன்.

பேனரை அவிழ்த்து வீட்டில் கொண்டுவந்து போட்டார்கள், மழைக்கு ஆகுமாம். டிரைவருக்குத்தான்டா வைத்தார்.