தாழ்ப்பாள் போட்ட மத்தியானம்

அன்பு மகள் மாரிசெலுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நலம். சியாட்டிலில் நீயும் நலமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போனில் நீ அழுதபோது நானும் சேர்ந்து அழுதுவிட்டேன். சொல்ல நினைத்ததைச் சொல்லாமலே வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

இங்கே பனி இன்னும் விடவில்லை. மேகம் இறங்கி வந்து நம் பதினோராம் மாடி ஜன்னலை ஒட்டி நிற்கிறது. கடலும் தெரியவில்லை, மலையும் தெரியவில்லை. காலையில் காபி போடும்போது கீழே பத்து மாடி இருப்பதே மறந்துபோய், வானத்தில் எங்கோ குடித்தனம் நடத்துகிற மாதிரி இருக்கிறது. காற்று எழும்பினால் லிஃப்டுக்குள் யாரோ தாலாட்டை முணுமுணுக்கிற மாதிரி ஒரு சத்தம். அப்பா வெறும் காலுறையோடு கீழ்த்தளக் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தார். கட்டடத்தை விட்டு வெளியே கால் வைத்து எத்தனை நாளாயிற்று என்று அவருக்கே தெரியாது.

உலக விநோதங்கள் என்று யாரோ எடுத்த வீடியோவில் நம் ஊரும் வந்ததாகச் சொன்னாயே, அதை எதிர்வீட்டு செஃபினா எனக்குக் காட்டினாள். ரோஜா நிறத்தில் ஓர் ஏரி, பாலைவனத்தில் தானாக நகரும் கல், அப்புறம் நாம்! பள்ளி, தேவாலயம், போலீஸ், மளிகைக் கடை எல்லாம் ஒரே கட்டடத்துக்குள் இருக்கிற அலாஸ்கா ஊராம். கல் நகர்ந்ததற்குக்கூட உன் வகுப்புப் பெண்கள் அவ்வளவு சிரிக்கவில்லை என்றாய். அதற்கு அப்புறம் எந்த ஊர் என்று யார் கேட்டாலும் ஆங்கரேஜ் பட்டணம் என்று சொல்லிக்கொள்கிறாயாமே. அதுதான் எனக்குச் சுருக்கென்றது. உப்புக் கடன் கேட்கக்கூட கோட்டு மாட்டிக்கொண்டு தெருவில் இறங்குகிறவர்கள், நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்!

அந்த முட்டை விஷயத்துக்கு வருகிறேன். சியாட்டிலில் உன் கீழ்வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது, நீ உள்ளே போனாய், பிரிட்ஜைத் திறந்து இரண்டு முட்டை எடுத்துக்கொண்டு, "ரெண்டு முட்டை எடுத்துக்கிறேன்" என்று குரல் கொடுத்தாய். இங்கேயானால் செஃபினா, "மூணா எடுத்துக்கடி, ஒண்ணு உடைஞ்சா என்ன பண்ணுவே?" என்றிருப்பாள். அங்கே அந்த அம்மாள் அலறி, போலீஸைக் கூப்பிட்டு, நீ படிக்கட்டில் முட்டையோடு நின்றிருக்கிறாய். நினைக்கும்போதெல்லாம் சிரிப்பு வருகிறது, உடனே அழுகையும் வருகிறது.

நர்ஸ் படிப்பே வேண்டாம், வந்துவிடுகிறேன் என்றாய். அப்பா, "வரட்டும் விடு, மீன் கம்பெனியில ஆள் எடுக்கறாங்க" என்று சொல்லி, உன் அறைக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்துவிட்டார். நான் தடுக்கவில்லை. மனசை மறைப்பானேன், எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. உன் தலையணை உறையைக்கூடத் துவைத்துப் போட்டேன்.

ஆனாலும் அந்த அம்மாள் ஏன் அப்படி அலறினாள் என்பது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. போன வியாழன் மத்தியானம், எப்படித்தான் இருக்கிறது பார்ப்போமே என்று நம் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். நீ பிறந்ததிலிருந்து அதை யாரும் தொட்டதில்லை. எண்ணெய் விட்டால்தான் அசைந்தது. போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் நடையில் காலடிச் சத்தம். நாள் தவறாமல் கேட்கிற சத்தம்தான், ஆனால் அன்றைக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வந்தது யாரென்று நினைக்கிறாய்? கையில் மீனோடு உன் அப்பா!

கதவு திறக்கவில்லை என்றதும் மனிதர் ஆடிப்போய்விட்டார். "லூஸ்விமிண்டா, என்னாச்சு? எம்மேல ஏதாவது கோவமா?" என்று ஒரே தட்டல். செஃபினா ஓடிவந்து, "அடியே, உசுரோட இருக்கியா?" என்று கத்தினாள். ஃபாதரையும் யாரோ லிஃப்டில் கூட்டி வந்துவிட்டார்கள். திறந்து, "ஒண்ணுமில்ல, சும்மா போட்டுப் பாத்தேன்" என்றேன். "போட்டுப் பாக்க அது என்ன புதுச் செருப்பா?" என்றாள் செஃபினா. கட்டடமே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. தாழ்ப்பாள் போட்டால் உள்ளே இருப்பவளுக்குத்தான் பயம் வருகிறது, மாரிசெல். அந்த அம்மாள் தினமும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள். பாவம்.

அன்றைக்குத் தூக்கத்தில் ஒரு கனவு. நம் கட்டடம் கப்பல் மாதிரி கரையை விட்டுக் கிளம்பிவிட்டது. எல்லோரும் வீட்டுச் செருப்போடு ஜன்னலில் நிற்கிறோம். பனிப்பாறைகள் சத்தமில்லாமல் ஒதுங்கி வழிவிடுகின்றன. நேரே வந்து உன் ஜன்னலுக்கு வெளியே நின்றோம். நீ எங்களைக் காட்டி யாரிடமோ ஏதோ சொன்னாய். என்ன சொன்னாய் என்று கேட்பதற்குள் விழித்துக்கொண்டேன்.

இதோடு ஒரு பார்சல் வருகிறது. புகை போட்ட சால்மன் மீன் இரண்டு பொட்டலம். ஒன்று உனக்கு, ஒன்று அந்த அம்மாளுக்கு. அதைக் கொடுக்காமல் வராதே. கொடுத்த பிறகும் மனசு ஒட்டவில்லை என்றால் ஒரு போன் போடு. அப்பா வந்து கூட்டி வருவார். நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

கதவு ஒருக்களித்திருந்தாலும் நுழையாதே. தட்டு. அவளுக்குப் பயம் தெளிய நேரமாகும், திறக்கும்வரை நில். எந்த ஊர் என்று கேட்டால், கண்ணே, நம் ஊர்ப் பெயரைச் சொல்லு.

மாதா உன்னைக் காக்கட்டும்.

உன் அம்மா,
லூஸ்விமிண்டா