ஒரு மருவுக்காகவா, அக்கா?

அக்கா, காலையில் ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதம் மடியில் கிடக்கிறது. எனக்குச் சிறுநீர் போகும் துவாரத்தில் முளைத்திருந்த சதையை அறுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். புற்று இல்லையாம், வெறும் மருவாம். எச்.பி.வி. என்று ஒரு வைரஸ் செய்கிற வேலையாம்.

"நிறையப் பேருக்கு வர்றதுதாம்மா. வருசக்கணக்கா உடம்புல சத்தமில்லாம இருக்கும். யார் மேலயும் சந்தேகப்படாதீங்க" என்றார் டாக்டரம்மா.

எனக்குச் சந்தோஷமே வரவில்லை. உன் முகம்தான் வந்து நின்றது.

நாம் பந்தலூர் மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் தேயிலைக் கொழுந்து எடுத்தவர்கள். ஒதுங்கப் போனால் இரண்டு பேராகத்தான் போவோம். ஒருத்தி உட்கார்ந்தால் மற்றவள் யானை வருகிறதா என்று பார்த்து நிற்க வேண்டும். எனக்கு நீ, உனக்கு நான்.

ஒருநாள் கூடையை இறக்கிவிட்டு என் காதோரம் சொன்னாய்: "ஒண்ணுக்குப் போற எடத்துல சதை முளைச்சிருக்கு புள்ள. ரத்தமும் வருது."

நான் என்ன சொன்னேன்? "வெளிய சொல்லாதக்கா. நடத்தையத்தான் பேசுவாங்க." பெரிய புத்திசாலி மாதிரி சொன்னேன், பாவி.

அதற்குப் பிறகு நீ என்னைக்கூடக் கூப்பிடவில்லை. நேரமாகிறது, துணியில் கறை படுகிறது என்று தனியாகவே சோலைக்காட்டு ஓரம் வரை போக ஆரம்பித்தாய். மூடுபனி இறங்கிய அந்தக் காலையில் யானை அங்கேதான் நின்றிருந்தது. இவ்வளவு தூரம் எதற்குத் தனியாகப் போனாள் என்று உன் சாவில் ஊரே கேட்டது. எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

உனக்கு வந்ததும் இதே மருதானா என்று இனி யார் சொல்வது? ஆனால் நீ சொன்னதுதான் எனக்கும் இருந்தது. அறுத்த அன்றைக்கே சாயங்காலம் லயத்து வீட்டுக்குத் திரும்பிவிட்டேன் அக்கா. அவ்வளவுதான் அது.

மத்தியானம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் எல்லோர் முன்னாலும் எனக்கு வந்தது இன்னதென்று சொன்னேன். உன்னிடம் நான் சொன்னதையும் சொன்னேன். உன் மகள் எழுந்து போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே திரும்பி வந்தாள். முகம் வீங்கியிருந்தது. "சித்தி, ஒதுங்கணும். கூட வாங்க" என்றாள்.

போனேன். அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. ஏன் என்று கேட்கவில்லை. சோலையைப் பார்த்தபடி நின்றேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.