சித்தப்பா பிழைத்துவிட்டார்

அன்பு மகள் தாரணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், கால் வீக்கம் வடிந்துவிட்டது, அந்த ஊர்க் குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன். போனில் சொன்னால் நடுவில் சமாதானம் பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன், கடைசி வரை படி.

உன் சித்தப்பா அய்யாதுரைக்குப் போன மாதம் ஃப்ளூ வந்து நெஞ்சில் இறங்கி அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவர் மகன் ராகேஷ் கோபாலபுரத்துக்கே வந்து நின்றான், உன் அப்பா காரியத்துக்குப் பிறகு அந்த வீட்டு ஆள் நம் படி ஏறியது அதுதான் முதல் தடவை. "பெரியம்மா, வயசானவங்க உடம்புல சாகாம உட்கார்ந்து மத்ததையும் கெடுக்கிற கிழட்டு செல்லுங்களை அழிச்சிட்டா வைரஸ் இவ்வளவு மோசமா தாக்காதாமே, அக்கா அந்த மருந்துலதானே வேலை பார்க்கிறாங்க, அப்பா கேட்டு வாங்கச் சொல்றாரு" என்றான். லேபில் அந்த மருந்து கொடுத்த கிழட்டு எலிகள் பிழைத்திருக்கின்றன, மனுஷருக்குக் கொடுக்கும் அளவுக்கு இன்னும் வரவில்லை என்று நீ சொன்னதையே சொன்னேன். சொல்லும்போது உள்ளுக்குள் இனித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

ஏன் என்று இப்போது தெரிந்துகொள். கொரோனாவில் அப்பாவுக்கு மூச்சு முட்டியபோது நான் அதே காய்ச்சலில் வேறு வார்டில் கிடந்தேன், நீ விமானம் இல்லாமல் அங்கே மாட்டிக்கொண்டாய். வென்டிலேட்டர் வைக்கலாமா என்று டாக்டர் உன் சித்தப்பாவிடம்தான் கேட்டிருக்கிறார். "அண்ணனுக்கு அறுபத்தெட்டு ஆச்சு, வாழ்ந்து முடிச்சவுக, மிஷின்ல போட்டு இம்சை பண்ணாதீங்க" என்று இவர் சொல்லிவிட்டார். அங்கே நர்ஸாக இருந்த எஸ்தர், கொட்டிவாக்கத்துப் பெண், பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "மிசினு காலியாத்தாம்மா இருந்துச்சு, அந்த சார்தான் வேணாம்னுட்டாரு" என்று அழுதாள். உன்னிடம் சொன்னால் தாங்க மாட்டாய் என்று இத்தனை வருஷம் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

அந்த வார்த்தையைத் திருப்பிக் கொடுக்கத்தான் ராகேஷோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டில் பக்கத்தில் நின்று, "உங்களுக்கும் எழுபது ஆச்சு, வாழ்ந்து முடிச்சவுகதானே" என்றேன். மாஸ்க்குக்குள்ளேயே, "மதினி, சாகப் பயமா இருக்கு" என்றார். "அவுகளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்" என்றேன். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது, எனக்கு வரவில்லை.

அன்று சாயங்காலமே அவருக்கு ஆக்சிஜன் இறங்கி மூச்சு முட்டியது. டாக்டர் வந்து, இந்த வயசில் வென்டிலேட்டர் வைத்தாலும் நிச்சயமில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டார். ராகேஷ் என் முகத்தைப் பார்த்தான். நான் வேண்டாமென்று தலையை ஆட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். "வயசைப் பேசாதீங்க, மிஷினை வையுங்க" என்றேன். இரக்கத்தில் சொன்னதாக எல்லோரும் நினைக்கிறார்கள், நீயாவது அப்படி நினைக்காதே. செத்துப்போனால் மாலை போட்ட படமாகி நல்லவராகிவிடுவார், அவரைச் சும்மா விட எனக்கு மனசில்லை.

பிழைத்துவிட்டார். வீட்டுக்கு வந்தாயிற்று, தொண்டை மட்டும் கரகரக்கிறது. கஞ்சி எடுத்துக்கொண்டு போய் எதிரில் உட்கார்ந்துகொள்கிறேன். நேற்று, "மன்னிச்சிருங்க மதினி" என்று கை கூப்பினார். டம்ளரை நீட்டி, "ஆறிடும், குடிங்க" என்றேன்.

லேபில் அலுப்பாக வரும்போது அப்பாவை நினைத்துக்கொள். வயசாச்சு என்ற ஒரு வார்த்தையில் ஆளை முடித்துவிடுகிறவர்கள் வாயை உன் மருந்து அடைக்க வேண்டும். அது வெளியே வந்ததும் முதலில் உன் சித்தப்பாவுக்கு அனுப்பு, நிறைய வருஷம் இருந்து தினமும் அண்ணனை நினைத்துக்கொண்டு கண் விழிக்கட்டும்.

திருச்செந்தூர் முருகன் உனக்குத் துணை இருப்பான், நீடூழி வாழ வேண்டும். இந்த வருஷ ஃப்ளூ ஊசியை மறக்காமல் போட்டுக்கொள். சித்தப்பாவிடம் நலம் விசாரிக்க வேண்டுமென்று தோன்றினால் விசாரி, தப்பில்லை. மன்னிப்பை மட்டும் என் பெயரில் கொடுத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
இசக்கியம்மாள்