நீ வாழாத மூன்று வருடங்கள்

தங்கச்சி,

பிஸ்கட் டின்னில் உன் ஐசியின், அந்த அடையாள அட்டையின், நகல் கிடைத்தது. அதில் இருக்கும் உன் பிறந்த வருடம் பொய்.

என் பேத்தி ஈப்போவில் சர்க்கரை நோய் ஆராய்ச்சி செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறாள். நேற்று கணினியைத் திறந்து காட்டினாள். ஆபரேஷனில் எடுத்த கணையத் துண்டுகளின் விவரத்தையெல்லாம் அதில் ஏற்றி வைத்திருக்கிறார்களாம். எந்த நாட்டிலிருந்தும் பார்க்கலாமாம். இன்சுலின் செய்யச் சொல்லும் மரபணு யாருக்கு எவ்வளவு வேலை செய்தது என்று புள்ளி புள்ளியாக இருந்தது. சிவப்பு சுறுசுறுப்பு, நீலம் மந்தம்.

எனக்கு ரப்பர் தோட்டத்துப் பெரட்டுதான் ஞாபகம் வந்தது. விடியலில் வரிசையாக நிறுத்தி, யார் வந்தார், யார் சோம்பேறி என்று கணக்கெழுதும் கிராணி குறிப்பானே, அதேதான். அவன் எழுதியதையே நம்பாதவள், இதை எப்படி நம்புவேன்?

ஒரு வரியில் விரலை வைத்தேன். பெண், இந்தியர், சர்க்கரை இருபது வருடம், வயது அறுபத்து மூன்று.

"இது உன் சின்னப்பாட்டி."

"பேரே இல்ல பாட்டி, நம்பர்தான். யாருன்னு எங்களுக்கே தெரியாது."

"எனக்குத் தெரியும்லா. அவளுக்கு அறுபதுதான். திருத்தச் சொல்லு."

"யாருன்னே தெரியாம எப்படித் திருத்துறது?"

அந்தக் கிராணியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. உனக்கு ஒன்பது வயது. பதிவு செய்ய அம்மா கூட்டிப்போனபோது உன்னை ஏற இறங்கப் பார்த்தான். "நல்லா வளந்துட்டாளே, பன்னெண்டுன்னு போடுறேன். நாளைக்கே காட்டுக்கு அனுப்பு." மறுநாளே ரப்பர் பால் சேரும் மங்குகளைத் துடைக்கப் போனாய். பிறகு ஐசியிலும் அந்த வயதே ஏறியது. பெரியவளான பிறகு சிரிப்பாய்: "கார்டு எனக்கு அக்காலா!"

உன் கணைய ஆபரேஷனுக்கு முன்னால், வெட்டியெடுக்கும் துண்டை ஆராய்ச்சிக்குத் தர சம்மதமா என்று தாளோடு வந்த நர்ஸ் மிஸ்ஸி வயதைக் கேட்டாள். நீ ஐசியை நீட்டினாய். பக்கத்தில்தான் நின்றேன். கார்டே பொய் என்றால் ஆபரேஷனை நிறுத்திவிடுவார்களோ என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த வருடமே நீ போய்விட்டாய்.

அறுபத்து மூன்று வயதுக் கணையம் இப்படித்தான் சோர்ந்திருக்கும் என்று எந்த ஊர் டாக்டரோ இப்போது நினைத்துக்கொண்டிருப்பான். அதில் கிராணிக்குப் பாதிப் பங்கு, எனக்குப் பாதி.

மழையில் பால்வெட்டு நின்ற நாளில் நீ பிறந்தாய். எனக்கு ஏழு வயது. உன்னை முதலில் என் மடியில்தான் கிடத்தினார்கள். நகலின் பின்பக்கத்தில் உண்மையான வருடத்தைக் கோணல் எழுத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, கைப்பையில் வைத்திருக்கிறேன். யாரும் கேட்கப் போவதில்லை. கேட்டால் இந்தத் தடவை சொல்லிவிடுவேன்.