கொதிக்கு ஒரு வாய்

பிப்ரவரி 4, 2025
பால் வரத் தாமதம். டீக்கடையை என் வீட்டுக்காரர் மணிவேலிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் ரிசல்ட் வாங்கி வந்தேன். மூன்று மாதச் சர்க்கரை 6.3. இன்னும் வியாதி இல்லையாம், ஆனால் வாசல்வரை வந்துவிட்டதாம். சாப்பாட்டையும் நடையையும் சரிசெய்தால் திருப்பி அனுப்பிவிடலாம் என்று நர்ஸ் சிவரஞ்சனி சொன்னாள். அரியலூரில் இருக்கும் என் அக்கா சின்னப்பிள்ளைக்குப் போன வருடம் சர்க்கரையால் கால்விரல் இரண்டை எடுத்தார்கள். அவளுக்கும் ஆரம்பத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள். "ஆவட்டும், பாப்போம்" என்றிருப்பாள். நான் அப்படி இருக்க மாட்டேன்.

பிப்ரவரி 5
நெடுஞ்சாலை ஓரமாக நடந்தேன். லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். நாளை முதல் ஏரிக்கரை.

மார்ச் 9
ராத்திரிச் சோறு நின்று ஒரு மாதம். கேழ்வரகுக் களி, கீரை. எனக்கென்று ஒரு டம்ளர் டீ, அதுவும் சர்க்கரை இல்லாமல். வாயில் வைக்க முடியவில்லை. எதிரே உட்கார்ந்து இவர் பரோட்டா சாப்பிடுகிறார். மனிதருக்கு மனசாட்சி என்று ஒன்று வேண்டாமா?

மே 7
6.4. ஏறியிருக்கு. நடந்த நடையெல்லாம் எங்க போச்சு? தின்ன களியெல்லாம் எங்க போச்சு? மறைத்து ஏதாவது சாப்பிடுகிறேனா என்று சிவரஞ்சனி கேட்டாள். செட்டிகுளம் முருகன்மேல் சத்தியம் செய்துவிட்டு வந்தேன். என் தலையெழுத்தும் அக்கா மாதிரிதானா? பயமா இருக்கு.

மே 19
கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாயிற்று. இன்று சூடாக எதுவும் கூடாது. எங்கள் கடையில் சட்டியிலேயே சர்க்கரை போட்டுக் கொதிக்கவிடுவோம். ஒவ்வொரு கொதியையும் இறக்குமுன் நான் ஒரு வாய் ருசி பார்ப்பது பதினெட்டு வருடப் பழக்கம். இன்று அந்த வேலையை இவரிடம் கொடுத்தேன். பத்து மணிக்கே டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னால முடியலடி, திகட்டுது. தெனமும் இவ்ளோத்தையும் நீயா குடிக்கிற?"

குடிக்கவில்லை, ருசிதான் பார்க்கிறேன் என்றேன். சொல்லிக்கொண்டே ஒரு நாளைக்கு எத்தனை கொதி என்று விரல்விட்டு எண்ணினேன்.

மே 20
ருசி பார்க்கும் வாயைக் குடிக்காமல் ஒவ்வொரு தடவையும் ஒரு சொம்பில் ஊற்றிவைத்தேன். மதியத்துக்குள் சொம்பு நிறைந்தது. சாயங்காலத்துக்குள் இன்னொன்று. வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. முருகா, தெரியாமல் செய்த சத்தியம்.

ஜூன் 2
சர்க்கரைக்கு ஒரு கிண்ணம், தூளுக்கு ஒரு கரண்டி. அளந்துதான் போடுகிறேன். ருசி பார்ப்பதில்லை. டீ மாறிவிட்டது என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை. நிம்மதிதான். ஆனால் என் நாக்கு இல்லாவிட்டால் கடையே இல்லை என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேனே, அதுதான் கொஞ்சம் வலிக்கிறது.

ஜூலை 13
மழை. கடைக்குள்ளேயே நடந்தேன். இவர் தலையில் அடித்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 21
5.6.

மாத்திரை தேவையில்லை, இந்தப் பழக்கத்தை விடாமல் ஆறு மாதம் கழித்து வந்து பார்த்துக்கொள்ளச் சொன்னாள் சிவரஞ்சனி. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதேன். நல்ல அழுகை. வெயில்கூடத் தெரியவில்லை.

அக்காவுக்குப் போன் செய்யத்தான் கை வரவில்லை. அவளுக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்ததை எந்த வாயால் சொல்வது? ஆனாலும் சொன்னேன்.

"நல்லா இரு கண்ணகி. எம்பொண்ணு பானுவயும் அங்க கூட்டிப்போய்ப் பாத்துடு. நான் சொன்னா கேக்க மாட்டேங்குறா."

பொறாமைப்படுவாளோ என்று நினைத்த என்னை நானே திட்டிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 22
பானுப்ரியா நாளைக் காலை முதல் பஸ்ஸுக்கு வருகிறாள். வெறும் வயிற்றோடு வரச் சொன்னேன். ரத்தம் கொடுத்துவிட்டு, சாப்பிட்டதும் என்னோடு நடக்க வரவேண்டும் என்றும் சொன்னேன். சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன்.

"நடக்கறதுக்கு ஷூ வாங்கணுமா சித்தி?"

அவள் கேட்டது அது ஒன்றுதான்.